முதல் நாவலும் பார்க்கும் தூரமும்



முதல் நாவலை எழுதத் தொடங்குபவருக்கு என்ன வேண்டும் என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட பொருள். இந்தக் கேள்வியைக் கேட்கும் இளைஞர்கள் பெரும்பாலும் இரண்டு தயக்கங்களோடு வருகிறார்கள். 'என் ஊரில் எழுதும்படியாக என்ன நடந்துவிட்டது?' என்பது ஒன்று. 'எனக்கு இன்னும் வயது போதாதே' என்பது மற்றொன்று. இரண்டுக்கும் தமிழ் நாவலின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அந்த விடையைத்தான் உங்கள்முன் வைக்க வந்திருக்கிறேன்.

வயதைப் பற்றிய தயக்கத்தை முதலில் தீர்த்துவிடலாம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டபோது முன்சீப் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, ஐம்பது வயதைக் கடந்திருந்தார். வத்தலக்குண்டில் 1872இல் பிறந்த ராஜமையர், 'விவேக சிந்தாமணி' இதழில் 'கமலாம்பாள் சரித்திர'த்தைத் தொடங்கியது 1893இல். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. இடைசெவல் விவசாயியான கி. ராஜநாராயணனின் முதல் நாவல் 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. அவரும் ஐம்பதைத் தாண்டியிருந்தார். பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' 1991இல் வந்தபோது அவருக்கு இருபத்தைந்து. இருபதிலும் நல்ல முதல் நாவல் எழுதப்பட்டிருக்கிறது, ஐம்பதிலும் எழுதப்பட்டிருக்கிறது. வயதைக் காரணம் காட்டி யாரும் தள்ளிப்போட வேண்டியதில்லை, மனம் உடையவும் வேண்டியதில்லை.

மற்றத் தயக்கம்தான் ஆழமானது. 'எனக்கு அனுபவம் போதாது' என்று சொல்பவரிடம் அவருடைய தெருவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். யார் வீட்டு நிலம் எப்படிக் கைமாறியது, எந்த அண்ணன் தம்பிகள் எதற்காகப் பேச்சை நிறுத்தினார்கள், எந்தப் பெண் யாருக்காகக் காத்திருந்து கடைசியில் யாரை மணந்தாள் என்று ஒரு மணி நேரம் சொல்வார். நாவலுக்கான அனுபவம் இருபது வயதிற்குள் எல்லோருக்கும் சேர்ந்துவிடுகிறது. சேராமல் இருப்பது அந்த அனுபவத்தைப் பார்ப்பதற்கான தூரம். கண்ணோடு ஒட்டிப் பிடித்த ஏட்டைப் படிக்க முடியாததுபோல, நாம் முழுதாக மூழ்கிக் கிடக்கும் வாழ்க்கையையும் நம்மால் எழுத முடிவதில்லை. நாவலாசிரியராகத் தொடங்குவது என்பது தனக்கு மிகவும் தெரிந்த ஓர் உலகத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்பது என்று கண்டுகொள்வது. என் உரையின் மையக் கருத்து இதுதான். அந்தத் தூரத்தை நம் எழுத்தாளர்கள் எப்படியெல்லாம் அடைந்தார்கள் என்று பார்ப்போம்.

காலமும் கடலும்

முதலில் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்தவர். பதினெட்டு வயதில், 1938இல், பிழைப்புத் தேடி இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் போனார். இரண்டாம் உலகப் போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் அங்கேயே கண்டார். 1946இல் ஊர் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலைக்குச் சேர்ந்து நெடுங்காலம் அங்கேயே பணியாற்றினார். வாழ்நாளில் எழுதியவை இரண்டே நாவல்கள். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வந்தது.

மேடானில் இருந்தபோதே இவற்றை அவர் எழுதியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன். போர்க்காலச் செய்திகளும் தப்பிப் பிழைத்த கதைகளும் நிறைந்த ஒரு பதிவு கிடைத்திருக்கலாம். மதுரைக்கு வந்து, செய்தித்தாள் அலுவலகத்து வேலைக்கு நடுவே, ஆண்டுகள் பல கழிந்தபின் எழுதியதால்தான் மேடான் வேறொன்றாக மாறியது. 'புயலிலே ஒரு தோணி'க்குள் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மதுரையில் அமர்ந்து எழுதுபவர் மேடானின் தெருக்களை எழுதுகிறார். அந்த மேடானில் நடமாடும் கதைநாயகன் பாண்டியனோ மதுரையின் தெருக்களையும் சின்னமங்கலம் என்னும் ஊரையும் நினைத்துக்கொண்டே இருக்கிறான். எழுதியவருக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரு கடல் கிடக்கிறது. இருவரும் எதிரெதிர்க் கரைகளில் நின்று மற்றக் கரையைப் பார்க்கிறார்கள். அந்த நாவலின் ஏக்கமும் கசப்பும் தத்துவ விசாரமும் இந்த அமைப்பிலிருந்தே பிறக்கின்றன.

அசோகமித்திரனும் இப்படித்தான். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவர். நிஜாம் ஆட்சியின் கடைசி நாட்களை, ரஜாக்கர்களின் காலத்தை, 1948 செப்டம்பரில் இந்தியப் படை உள்ளே வந்ததைப் பதின்வயதில் கண்டவர். ஆனால் '18வது அட்சக்கோடு' 1977இல்தான் வெளிவந்தது. கிரிக்கெட்டும் கல்லூரியுமாக அலையும் சந்திரசேகரனை நாற்பதுகளின் நடுவில் இருக்கும் ஓர் ஆசிரியர் பார்க்கிறார். பையனின் அச்சத்தையும் அறியாமையையும் அப்படியே விட்டுவைக்கிறார். பிற்காலத்தில் தெரிந்துகொண்ட அரசியலை அவன் வாயில் திணிக்கவில்லை. வரலாற்றின் நடுவே நிற்பவனுக்குத் தான் நிற்பது வரலாறு என்று தெரியாது என்பதை அந்த நாவல் அளவுக்குத் தமிழில் வேறெதுவும் எனக்கு உணர்த்தியதில்லை.

இதைக் கேட்டுவிட்டு, 'அப்படியானால் முப்பது ஆண்டு காத்திருக்க வேண்டுமா?' என்று நீங்கள் கேட்கலாம். வேண்டியதில்லை. அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோ வேலையை விட்டது 1966இல். திரைப்பட உலகைப் பற்றிய 'கரைந்த நிழல்கள்' 1969இல் வந்துவிட்டது. அங்கே அவருக்கு உதவியது பார்வை நிறுத்தப்பட்ட இடம். எல்லோரும் பார்க்கும் நட்சத்திரங்களைத் தள்ளிவைத்துவிட்டு, தயாரிப்பு நிர்வாகி நடராஜனைப் போன்றவர்களை நடுவில் வைத்தார். யாரை நடுவில் வைப்பது என்று முடிவுசெய்வதும் தூரத்தை அமைக்கும் வழிதான்.

இன்னொரு மொழியின் வழியாக

சொந்த ஊரை வெளியே நின்று பார்க்க இன்னொரு மொழி பெரிதும் உதவும். ஹெப்சிபா ஜேசுதாசன் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். ஆங்கில நாவல்களை வகுப்பறையில் நாள்தோறும் நடத்தியவர். அவருடைய முதல் நாவல் 'புத்தம் வீடு' 1964இல் வந்தது. ஆங்கிலத்தில் இத்தனை படித்த ஒருவர் எழுதியது எதை? கன்னியாகுமரி மாவட்டத்துப் பனைவிளைகளை, நொடித்துப்போன ஒரு வீட்டை, அந்த வீட்டுப் பெண் லிஸியை, பனையேறியின் மகன் தங்கராஜை. அவர் எழுதிய பேச்சு அந்த மண்ணின் பேச்சு. உலக நாவல்களைப் படித்ததன் பயன், பிறர் ஊரைப் போல எழுதுவதாக அவரிடம் முடியவில்லை. தன் ஊரின் ஒரு பழைய வீடும் நாவலாகத் தகும் என்னும் துணிவாக முடிந்தது.

சுந்தர ராமசாமியின் பயிற்சியும் இதைச் சேர்ந்தது. தகழியின் 'தோட்டியின் மகன்', 'செம்மீன்' இரண்டையும் மலையாளத்திலிருந்து தமிழாக்கியவர் அவர். மொழிபெயர்ப்பவர் ஒரு நாவலைப் படிப்பதுபோல வேறு யாரும் படிப்பதில்லை. ஒரு பாத்திரம் எந்த இடத்தில் உள்ளே வருகிறது, உரையாடல் எங்கே நிற்கிறது, ஓர் அத்தியாயம் எதைச் சொல்லாமல் முடிகிறது என்பதையெல்லாம் வாக்கியம் வாக்கியமாகக் கைகளால் கடந்து வருகிறார். 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இல் நூலாக வந்தபோது ஊரையே கதைநாயகனாக வைத்து எழுதும் துணிவு அவருக்கு இருந்தது. நாற்சந்தியில் நிற்கும் மரத்தைச் சுற்றிச் சந்தையும் அரசியலும் போட்டியும் வளர்ந்து, கடைசியில் மரமே சாகிறது. கொங்கு நாட்டை 'நாகம்மா'ளில் எழுதிய ஆர். சண்முகசுந்தரமும் வங்காளத்தின் 'பதேர் பாஞ்சாலி'யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். முதல் நாவல் எழுத விரும்பும் மாணவருக்கு நான் தரும் முதல் வேலை, பிடித்த ஓர் அயல்மொழி நாவலின் இரண்டு அத்தியாயங்களை மொழிபெயர்ப்பதுதான். அச்சிட வேண்டாம், யாரிடமும் காட்டவும் வேண்டாம். கை பழகினால் போதும்.

தேங்காப்பட்டணத்தில் பிறந்த தோப்பில் முகமது மீரான் பள்ளியில் படித்தது மலையாளம். அந்தக் கடற்கரையின் முஸ்லிம் மக்கள் பேசிய தமிழ் அவர் காதில் இருந்தது, ஏட்டில் இருக்கவில்லை. 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' 1988இல் வந்தபோது தமிழ் வாசகர்கள் அதுவரை அச்சில் கேட்டிராத ஒரு குரலைக் கேட்டார்கள். பாடநூல் தமிழ் தெரியாததை அவர் குறையாக எண்ணிப் பின்வாங்கியிருந்தால் நமக்கு எவ்வளவு பெரிய இழப்பு! தங்கள் வீட்டுப் பேச்சை எழுதக் கூச்சப்படும் மாணவர்கள் இந்த அவையில் இருந்தால் அவரை முதலில் படியுங்கள்.

கதையைச் சொல்வது யார்?

காலம் கடக்கும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கும் இடம் மாற வாய்ப்பில்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. கதையைச் சொல்பவரை மாற்றுவது.

'கோபல்ல கிராம'த்தில் மக்கள் தெலுங்கு நாட்டிலிருந்து கரிசல் காட்டுக்கு வந்து குடியேறிய கதையை நினைவுகூர்பவர் மங்கத்தாயாரு அம்மாள் என்னும் மிக முதிய பாட்டி. அவர் வாய்வழியே வருவதால் வரலாறும் அற்புதமும் ஒரே குரலில் கலந்து நிற்கின்றன. 'அது உண்மையில் நடந்ததா?' என்று வாசகர் கேட்பதில்லை. பாட்டி சொன்னால் கேட்டுக்கொள்வதுதான் முறை. 'புளியமரத்தின் கதை'யில் ஊரின் பழங்கதைகளைத் தாமோதர ஆசான் சொல்கிறார். ஊர்ப் பையன்கள் சுற்றி அமர்ந்து கேட்கிறார்கள். ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வழியில்லாத காலம் ஆசானால் நாவலுக்குள் வந்துவிடுகிறது.

பூமணியின் 'வெக்கை' 1982இல் வந்தது. பதினைந்து வயதுச் சிதம்பரம் அரிவாளை வீசும் இடத்திலேயே நாவல் தொடங்கிவிடுகிறது. ஏன் அப்படிச் செய்தான் என்பது அப்பாவும் மகனும் காட்டிலும் ஓடையிலும் மறைந்து திரியும்போது சிறுகச் சிறுகத் தெரிகிறது. நிலத்தகராறு, அண்ணனின் கொலை, அதன் பின்னால் இருக்கும் சாதி எல்லாம் அவர்கள் பேச்சின் ஊடாக வருகின்றன. தொடக்க எழுத்தாளர்களின் கைப்பிரதிகளைப் படிக்கையில் முதல் ஐம்பது பக்கங்கள் குலவரலாறாகவும் ஊர் அமைப்பாகவும் போவதை அடிக்கடிப் பார்க்கிறேன். அவர்களுக்கு 'வெக்கை'யின் முதல் அத்தியாயத்தைப் படிக்கக் கொடுப்பேன். வாசகருக்கு ஒரு செயல் போதும். முன்கதையை அவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.

இருபத்தொரு வயது ராஜமையருக்குக் காலமும் கடலும் இல்லை. அவருக்குக் கிடைத்த தூரம் நகைச்சுவை. சிறுகுளத்து மக்களின் வம்புப் பேச்சையும், தமிழ்ப் பண்டிதர் அம்மையப்ப பிள்ளையையும் அவர் சிரிப்போடு எழுதினார். அந்தச் சிரிப்பில் அன்பு இருந்ததால் பாத்திரங்கள் சிறுமைப்படவில்லை. முத்துஸ்வாமி அய்யரின் துயரம் நம்மைத் தொடுவதற்கும் அந்தச் சிரிப்பே தளம் அமைத்தது. பெருமாள்முருகனின் 'ஏறுவெயி'லில் தூரத்தை ஏற்படுத்தியது இழப்பு. குடியிருப்புகள் கட்டுவதற்காக விளைநிலத்தை இழந்த ஒரு குடும்பம் அங்கே சிதறுகிறது. கைவிட்டுப் போன நிலத்தை மனம் தெளிவாகப் பார்க்கிறது.

நெருங்கிப் போனவர்

விலகுவதைப் பற்றியே பேசிவந்தேன். எதிர்த்திசையில் போக வேண்டியவர்களும் உண்டு. ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளங்களுக்குப் போய், அங்கே வேலை செய்யும் ஆண்களையும் பெண்களையும் கண்டு பேசி 'கரிப்பு மணிகள்' எழுதினார். நீலகிரியின் படகர் வாழ்க்கையை வைத்து 'குறிஞ்சித்தேன்' எழுதினார். தனக்குத் தெரியாத உலகை எழுதப் புகுபவருக்குத் தூரம் ஏற்கெனவே அளவுக்கு மீறி இருக்கிறது. அவர் செய்ய வேண்டியது அருகில் போவது. உப்பு எப்படி வாரப்படுகிறது, பாத்தியில் நிற்கும் கால் என்ன ஆகிறது, கூலியை யார் எண்ணிக் கொடுக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துகொள்ளும்வரை பேனாவை எடுக்கக் கூடாது. உள்ளிருப்பவர் ஓரடி வெளியே வர வேண்டும், வெளியிருப்பவர் பல மைல் உள்ளே போக வேண்டும். இருவரும் வந்து நிற்க வேண்டிய இடம் ஏறக்குறைய ஒன்றுதான்.

கைப்பிரதியில் தெரியும் அடையாளங்கள்

தூரம் போதவில்லை என்பது கைப்பிரதியிலேயே தெரிந்துவிடும். எல்லாப் பாத்திரங்களும் ஆசிரியரின் வாக்கியங்களையே பேசுவார்கள். கதைநாயகன் ஒருமுறையும் தவறு செய்ய மாட்டான். எதிராளிக்கு எதிராளியாக இருப்பதைத் தவிர வேறு வேலை இராது.

'நாகம்மா'ளை மறுபடி படியுங்கள். 1942இல் வந்த சிறிய நாவல். விதவையான நாகம்மாள் தன் பங்கு நிலத்தைப் பிரித்துக் கேட்கிறாள், கொழுந்தன் சின்னப்பன் தயங்குகிறான். யார் பக்கம் நியாயம்? அவள் கேட்பதும் சரிதான் என்று தோன்றுகிறது, அவன் அஞ்சுவதும் புரிகிறது. அதனால்தான் முடிவில் நடக்கும் கொலை நம்மை உலுக்குகிறது. மீரானின் வடக்குவீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஊரை அடக்கி ஆள்பவர், கொடுமைகள் செய்பவர். ஆனாலும் தன் குடும்பப் பெருமை கரைந்துபோவதைக் கண்டு அவர் தவிக்கும்போது அந்தத் தவிப்பும் நமக்குப் படுகிறது. அடக்கப்பட்டவர்களின் பக்கம் உறுதியாக நிற்கும் ஆசிரியர்தான் அடக்குபவரின் மனத்துக்குள்ளும் போயிருக்கிறார். அப்படிப் போனதால் அவருடைய சார்பு வலுப்பெற்றிருக்கிறதே தவிரத் தளரவில்லை.

ஆகவே ஒரு பயிற்சி சொல்கிறேன். உங்கள் நாவலில் நீங்கள் மிகவும் வெறுக்கும் ஆளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காலையில் எழுந்து இரவு படுக்கும்வரை உள்ள ஒரு நாளை, அவர் நியாயத்திலேயே, ஓர் அத்தியாயமாக எழுதுங்கள். அந்த அத்தியாயம் நாவலில் இடம்பெறத் தேவையில்லை. எழுதி முடித்தபின் மற்ற அத்தியாயங்களுக்குத் திரும்பினால் எதைத் திருத்த வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

தொடங்கியதை முடிப்பது

தூரம் கிடைத்த பிறகும் உழைப்பு இருக்கிறது. நம் நாவலாசிரியர்களில் பலர் வேறு வேலை பார்த்துக்கொண்டு எழுதியவர்கள். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய மாதவையா உப்புத் துறை அதிகாரி, பூமணி கூட்டுறவுத் துறையில் இருந்தவர், மீரான் வணிகர். முழுநேரம் கிடைத்தால் எழுதலாம் என்று இவர்கள் யாரும் காத்திருக்கவில்லை.

தொடங்கிய முதல் முயற்சி தடைப்பட்டால் அதோடு முடிந்தது என்றும் எண்ணக் கூடாது. மாதவையா தம் இருபதாவது வயதில், 1892இல், 'விவேக சிந்தாமணி'யில் 'சாவித்திரி சரித்திரம்' எழுதத் தொடங்கினார். அது பாதியில் நின்றது. அவர் 'பத்மாவதி சரித்திர'த்தை எழுதி 1898இல் வெளியிட்டார். நின்றுபோன கதையையும் கைவிடாமல் 1903இல் 'முத்துமீனாக்ஷி'யாக வெளிக்கொணர்ந்தார். 'புளியமரத்தின் கதை'யின் சில அத்தியாயங்கள் முதலில் 'சரஸ்வதி' இதழில் வந்தவை. இதழ் நின்றது, நாவல் நிற்கவில்லை. மதுரையின் சு. வெங்கடேசன் தம் முதல் நாவலையே ஆயிரம் பக்கங்களுக்கு மேல் விரித்து, 2008இல் 'காவல் கோட்ட'மாக முடித்தார்.

நாவலை எழுதுபவர் ஒருவர்தான், ஆனால் அது நூலாவதற்குப் பலர் வேண்டும். 'வெக்கை'யையும் இமையத்தின் முதல் நாவல் 'கோவேறு கழுதைக'ளையும் வெளியிட்ட க்ரியா, கைப்பிரதியை வரிவரியாகச் செப்பனிடுவதைப் பதிப்பாளரின் கடமையாக எடுத்துக்கொண்டது. அந்த வழக்கம் பரவலாகாதது தமிழ் நாவலுக்குப் பெரிய குறை. இப்போது நூறு படிகள் அச்சிடுவதும் எளிதாகிவிட்டது. அதனால் முதல் வரைவே நூலாகி வந்துவிடுகிறது. யாரும் பென்சிலோடு படிக்காத முதல் நாவல் அந்த எழுத்தாளரின் இரண்டாவது நாவலையும் சேர்த்துக் கெடுக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்களோடு முடிக்கிறேன். முதலாவது இங்கே அமர்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கு. ஆண்டுக்கு ஒரு மாணவரின் நாவல் கைப்பிரதியையாவது எழுத்துப் பிழை தொடங்கி எதிராளியின் நியாயம் வரை முழுதாகப் படித்துச் சொல்லுங்கள். ஆய்வேட்டைத் திருத்துவதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பங்கை இதற்குத் தாருங்கள். தமிழ்த்துறை ஒன்றால் தமிழுக்குச் செய்ய முடிகிற பணிகளில் இதைவிடப் பெரியதை நான் அறியேன்.

இரண்டாவது மாணவர்களுக்கு. உங்கள் தாத்தாவின் நிலம், அம்மா வேலை செய்யும் மில், நீங்கள் வளர்ந்த குடியிருப்பு, அவற்றில் ஒன்றை இன்றே தேர்ந்துகொள்ளுங்கள். அதை யார் கண்ணால் பார்ப்பது என்று முடிவுசெய்யுங்கள். பிறகு தொடங்கி, முதல் வரைவு முடியும்வரை பின்னால் திரும்பித் திருத்தாமல் எழுதுங்கள். முடிந்ததும் சில மாதம் மூடிவைத்துவிட்டு, இன்னொருவர் எழுதியதைப் படிப்பதுபோலப் படித்து, மறுபடி எழுதுங்கள். நம் மாவட்டங்களில் இன்னும் ஒரு நாவலும் எழுதப்படாத ஊர்களும் தொழில்களும் ஏராளம். அவற்றை அறிந்தவர்கள் நீங்கள்தான். நீங்கள் எழுதாவிட்டால் அவை எழுதப்படாமலே போய்விடும்.